கவலை பிறப்பிக்கும் கட்டளை

இரவு பத்து மணி. விளக்கில்லாத சந்து வழியாக வீட்டுக்கு நடந்து வருகிறீர்கள். காலடியில் நீளமாக ஏதோ கிடக்கிறது. "பாம்பு!" என்று வாய் சொல்லும் முன்பே கால் பின்னுக்குத் தாவிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. நாக்கு உலர்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. மயிர் குத்திட்டு நிற்கிறது. பிறகு கைவிளக்கை அடித்துப் பார்த்தால் அது ஒரு பழைய கயிறு! சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்கிறீர்கள். ஆனால் படபடப்பு உடனே அடங்குவதில்லை. இலையின் முன் உட்கார்ந்தால் சோறு இறங்க மறுக்கிறது. உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப நெடுநேரம் ஆகிறது.

கயிறு என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மனத்துக்கும் தெரிந்துவிட்டது. உடம்புக்கு மட்டும் அது தெரிய ஏன் இவ்வளவு தாமதம்?

இந்தச் சிறிய கேள்விக்கு முழு விடை காண விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். லட்சக்கணக்கான ஆடுகளின் மூளைகள் அந்த ஆராய்ச்சியில் அரைபட்டன. நோபல் பரிசுகள் கைமாறின. அவர்கள் கண்ட விடை ஆராய்ச்சிக்கூடத்தோடு நிற்பதன்று. கடன் தவணையை எண்ணித் தூக்கம் இழந்த குடும்பத் தலைவருக்கும், பரீட்சை முடிவுக்கு அஞ்சி நடுங்கும் மாணவனுக்கும், மேலதிகாரியின் கோபத்துக்குப் பயந்து வேலை செய்யும் குமாஸ்தாவுக்கும் அது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆகவே அதை எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது.

இரண்டு வழிகள்

ஆபத்து வந்ததும் மூளை இரண்டு வழிகளில் செய்தி அனுப்புகிறது. ஒன்று நரம்பு வழி. மற்றொன்று ரத்த வழி.

நரம்பு வழிச் செய்தி கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்கிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி கவிழ்த்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இவற்றுக்கு அட்ரீனல் என்று பெயர். இவற்றின் உட்பகுதியை நரம்பு தட்டியதும் அட்ரீனலின் என்னும் ரசம் ரத்தத்தில் பாய்கிறது. இருதயம் வேகம் கொள்கிறது. ரத்தம் வயிற்றை விட்டுக் கைகால்களுக்கு ஓடுகிறது. "எதிர்த்துப் போராடு, இல்லையேல் ஓடிவிடு" என்பதுதான் இதன் பொருள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் கானன் 1915-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். சந்தில் உங்கள் கால் தாவியதும் நெஞ்சு படபடத்ததும் இந்த வழியின் வேலைதான்.

இரண்டாவது வழி மெதுவானது. ஓலை எழுதி ஆள் மூலம் அனுப்புவது போன்றது. நிமிஷக் கணக்கில் தொடங்கி, மணிக்கணக்கில் நீடிப்பது. உடம்பைக் காப்பதும் இதுதான். அளவு கடந்தால் உடம்பை அரிப்பதும் இதுதான். நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான்.

எலிகள் சொன்ன உண்மை

ஹான்ஸ் ஸெலி என்பவர் வியன்னாவில் 1907-ல் பிறந்தவர். பிராகு நகரில் வைத்தியக் கல்லூரி மாணவராக இருந்தபோது அவருக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. ஆசிரியர்கள் ஒவ்வொரு நோயாளியையும் காட்டி, இவருக்கு இன்ன நோய், அவருக்கு இன்ன நோய் என்று வித்தியாசங்களையே விளக்கினார்கள். ஸெலியின் கண்ணிலோ ஒற்றுமைதான் பட்டது. எந்த நோயாக இருந்தாலும் முகம் வாடியிருக்கிறது, பசி இல்லை, உடம்பு இளைத்திருக்கிறது, அசதி இருக்கிறது. "நோய்கள் பலவாக இருக்கலாம், நோயுற்றிருப்பது என்பது ஒன்றுதானே?" என்று அந்த இளைஞர் யோசித்தார். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பத்து ஆண்டுகள் சென்றன. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் ஸெலி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கருப்பையின் பக்கத்தில் உள்ள சினைச் சுரப்பியில் புதிய ஹார்மோன் ஒன்று இருக்கலாம் என்று எண்ணி, அந்தச் சுரப்பியின் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாறுதல்கள் தெரிந்தன. அட்ரீனல் சுரப்பிகள் பெருத்திருந்தன. நோயை எதிர்ப்பதற்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. வயிற்றில் புண்கள் தோன்றியிருந்தன. புதிய ஹார்மோனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் பூரித்துப் போனார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வேறு உறுப்புகளின் சாற்றைச் செலுத்திப் பார்த்தார். அதே மூன்று மாறுதல்கள். கடைசியில் பிணங்களைக் கெடாமல் வைக்க உதவும் பார்மலின் திரவத்தையே செலுத்தினார். அப்போதும் அதே மூன்று! வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து அந்த ஆராய்ச்சியையே கைவிட்டிருப்பார். ஸெலிக்குப் பிராகு நகரத்து நோயாளிகளின் முகம் நினைவுக்கு வந்தது. குளிர், காயம், விஷம், அளவு மீறிய உழைப்பு, எது தாக்கினாலும் உடம்பு ஒரே மாதிரியாகத்தான் பதில் சொல்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1936 ஜூலை 4-ந் தேதி 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு பக்கம்கூட நிரம்பாத சிறு கடிதமாக அதை வெளியிட்டார்.

முதலில் அபாய அறிவிப்பு. அடுத்து எதிர்த்து நிற்றல். தாக்குதல் ஓயாவிட்டால் கடைசியில் களைத்து விழுதல். இப்படி மூன்று கட்டங்களை அவர் வகுத்தார். இன்று உலகெங்கும் 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்கிறார்களே, அந்த எண்ணத்தை வைத்திய உலகில் நிலைநாட்டியவர் இவரே.

மூளைக்கும் சுரப்பிக்கும் நடுவே

ஆனால் ஸெலியின் விளக்கத்தில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுவது மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி என்று தெரிந்திருந்தது. அந்தப் பிட்யூட்டரியைத் தூண்டுவது யார்? ஆபத்தை உணர்வது மூளை. ஆனால் பிட்யூட்டரியின் முன்பகுதியை ஆட்டிவைக்கத்தக்க நரம்பு எதுவும் மூளையிலிருந்து அதற்குள் போகவில்லை. நரம்பு இல்லாமல் செய்தி எப்படிப் போகிறது?

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெப்ரி ஹாரிஸ் இதற்கு ஒரு விடை சொன்னார். மூளையின் அடித்தளத்தில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல் வெப்பம், தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் இடம் அது. அங்கிருந்து பிட்யூட்டரிக்குச் சில நுண்ணிய ரத்தக் குழாய்கள் இறங்குகின்றன. மூளையின் நரம்பணுக்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இந்தக் குழாய்களில் விடுகின்றன என்றார் ஹாரிஸ். நரம்பணு சுரப்பியின் வேலையைச் செய்வதா என்று பலர் அன்று நம்பவில்லை.

1952-ல் ஹாரிஸும் டோரா ஜேகப்சன் என்ற பெண் விஞ்ஞானியும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எலிகளின் பிட்யூட்டரியை இடம் பெயர்த்து மூளையின் வேறோர் பகுதிக்கு அடியில் வைத்தால் அது வேலை செய்யவில்லை. ஹைபோதலாமஸின் அடியில், அந்த நுண்குழாய்கள் எட்டும் இடத்தில் வைத்தால் மறுபடி உயிர் பெற்று வேலை செய்தது. செய்தி ரத்தத்தில்தான் போகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி அந்தத் தூதன் யார் என்று பிடித்தாக வேண்டும். 1955-ல் ஹூஸ்டன் நகரில் ரோஜர் கியமெனும், மான்ட்ரியலில் முர்ரே சாப்ரனும் ஆண்ட்ரூ ஷாலியும், ஹைபோதலாமஸில் அப்படி ஒரு பொருள் இருப்பதைத் தனித்தனியாகக் காட்டினார்கள். இவர்களில் கியமென் ஸெலியிடமே பயின்றவர். கியமெனும் ஷாலியும் சில காலம் சேர்ந்து உழைத்தார்கள். பிறகு பிரிந்து கடும் போட்டியில் இறங்கினார்கள். ஒருவர் ஆட்டு மூளைகளையும் மற்றவர் பன்றி மூளைகளையும் இறைச்சிக்கூடங்களிலிருந்து டன் கணக்கில் தருவித்தார்கள். தேடிய பொருள் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக அதன் உறவுப் பொருள்கள் சில அகப்பட்டன. அவற்றில் முதலாவது, தைராய்டு சுரப்பியின் வேலையை நடத்த உதவுவது. சுமார் 3 லட்சம் ஆடுகளின் மூளைத் துண்டுகளிலிருந்து அது கிடைத்த அளவு எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு மில்லிகிராம்! கடுகின் எடைகூடத் தேறாது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக இருவரும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

முதலில் தேடிய பொருளோ 1981 வரை தப்பித்திருந்தது. அந்த ஆண்டில் கியமெனின் மாணவரான வைலி வேல் தம் கூட்டாளிகளுடன் கலிபோர்னியாவில் உள்ள சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பிடித்துவிட்டார். 41 அமினோ அமிலங்கள் மணிமாலை போல் கோத்த பொருள் அது. இப்படிப்பட்ட சிறு மாலைகளுக்குப் பெப்டைட் என்று பெயர். நரம்பணுக்களில் பிறப்பதால் இவற்றை நரம்புப் பெப்டைட் என்கிறார்கள். வேல் கண்ட பொருளை விஞ்ஞானிகள் சுருக்கமாக 'ஸி.ஆர்.எச்.' என்று அழைக்கிறார்கள். 26 ஆண்டுத் தேடல் அத்துடன் முடிந்தது.

கட்டளை இறங்கும் விதம்

இப்போது சந்தில் கிடந்த கயிற்றுக்கு வருவோம்.

மூளை "பாம்பு" என்று தீர்மானித்ததும், ஹைபோதலாமஸ் ஸி.ஆர்.எச். பொருளைச் சிறு குழாய்களில் விடுகிறது. அது சில அங்குலம்கூடப் பயணம் செய்ய வேண்டியதில்லை. பக்கத்திலேயே பிட்யூட்டரி இருக்கிறது. பிட்யூட்டரி உடனே 'ஏ.ஸி.டி.எச்.' என்ற மற்றொரு பெப்டைடைப் பொது ரத்தத்தில் விடுகிறது. இது 39 அமினோ அமிலங்கள் கொண்டது. இது அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பட்டையைப் போய்த் தட்டுகிறது. அந்தப் பட்டை கார்ட்டிஸால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கலெக்டர் தாசில்தாருக்கு எழுத, தாசில்தார் கிராம அதிகாரிக்கு எழுத, அவர் ஆட்களைத் திரட்டுவது போன்ற ஏற்பாடு இது.

கார்ட்டிஸால் செய்யும் வேலை என்ன? ரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துகிறது. ரத்த அழுத்தம் விழாமல் தாங்குகிறது. வீக்கத்தையும் நோய் எதிர்ப்பின் அளவு மீறிய ஆவேசத்தையும் அடக்குகிறது. வளர்ச்சி, இனப்பெருக்கம் முதலிய "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற காரியங்களை ஒத்திப்போடுகிறது. வீட்டில் தீப்பிடித்தால் சமையலையும் கல்யாணப் பேச்சையும் நிறுத்திவிட்டு எல்லோரும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறோம் அல்லவா? அதுபோலத்தான். அபாயம் தொடங்கி 20 முதல் 30 நிமிஷத்துக்குள் ரத்தத்தில் கார்ட்டிஸால் உச்சத்தை அடைகிறது. கயிறு என்று தெரிந்த பிறகும் உடம்பு அடங்க நேரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முன்னே அனுப்பிய ஓலைகள் இன்னும் வழியில் இருக்கின்றன!

ஸி.ஆர்.எச். தனியாக வேலை செய்வதில்லை. உடம்பில் தண்ணீரைக் காக்கும் வாஸோபிரெஸின் என்ற பெப்டைட் இதற்குத் துணை நின்று பிட்யூட்டரியை மேலும் தூண்டுகிறது. ஏ.ஸி.டி.எச். உருவாகும் அதே பெரிய மூலப்பொருளிலிருந்து எண்டார்பின் என்ற வலியடக்கியும் வெட்டியெடுக்கப்படுகிறது. அடிபட்ட வேகத்தில் சற்று நேரம் வலி தெரியாமல் ஓடுகிறோமே, அதில் இத்தகைய பொருள்களுக்கும் பங்கு உண்டு.

கலக்கத்தைத் தூண்டும் தூதர்கள் மட்டும்தானா? இல்லை, அமைதிப்படுத்தும் தூதர்களும் உண்டு. பிள்ளை பால் குடிக்கும்போது தாயின் உடம்பில் ஊறும் ஆக்ஸிடோஸின் அவற்றில் ஒன்று. வெறும் 9 அமினோ அமிலம் கொண்ட இதை 1953-ல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே செய்துகாட்டிய வின்ஸென்ட் டு வின்யோ 1955-ல் நோபல் பரிசு பெற்றார். ஸ்வீடனில் 1982-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'நியூரோபெப்டைட் ஒய்' என்பது மற்றொன்று. கடுமையான பயிற்சியில் போலி விசாரணைக்கு ஆட்படுத்தப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களைப் பரிசோதித்தபோது, கலங்காமல் தாங்கி நின்றவர்களின் ரத்தத்தில் இந்தப் பொருள் அதிகமாக இருந்தது. ஆக, தைரியசாலி, கோழை என்று நாம் சுலபமாகப் பட்டம் சூட்டுகிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை சுரப்புகளின் கணக்கு இருக்கிறது.

நிறுத்தும் கட்டளை

இந்த ஏற்பாட்டில் மிகவும் வியக்கத்தக்கது அதன் நிறுத்தும் முறைதான். கார்ட்டிஸால் ரத்தத்தில் ஏறியதும் அதுவே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் போய், "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. ஸி.ஆர்.எச். குறைகிறது, ஏ.ஸி.டி.எச். குறைகிறது, கார்ட்டிஸாலும் குறைகிறது. 1968-ல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் மெக்கெவன், எலியின் மூளையில் நினைவாற்றலுக்கு இருப்பிடமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்வதைக் கண்டுபிடித்தார். பிரேக் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

காட்டில் வாழும் மானுக்கு இந்த ஏற்பாடு போதும். புலி வந்தது, மான் ஓடியது, தப்பியது, மறுபடி மேய்ந்தது. அத்துடன் சரி. மனிதனின் புலியோ அப்படிப் போய்விடுவதில்லை. அது கடன் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது. மார்க்கு அட்டையாக மேஜையில் இருக்கிறது. மாமியார் மருமகள் சண்டையாக அடுப்படியில் இருக்கிறது. கைப்பேசியில் மணிக்கொரு முறை ஒலிக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உள்ளே ஓயாமல் அபாய மணி அடித்தால் உடம்பும் அரண்டவனைப் போலவே நடந்துகொள்கிறது.

அப்போது காவல் காக்க வந்தவனே வீட்டைக் கொள்ளையிடத் தொடங்குகிறான். ரத்த அழுத்தம் உயர்கிறது. சர்க்கரை ஏறுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. தூக்கம் கெடுகிறது. நோயை எதிர்க்கும் சக்தி தளர்கிறது. பிரேக் பிடிக்க வேண்டிய ஹிப்போகாம்பஸும் பாதிக்கப்படுகிறது. தேய்மானம் இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்வதை மெக்கெவன் ஒரு சுமையாகக் கண்டார். வண்டியின் அச்சு ஒரே நாளில் முறிவதில்லை அல்லவா?

யாருக்கு அதிகம்?

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை நோய் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். "அவருக்கு எவ்வளவு பொறுப்பு, பாவம்!" என்று அனுதாபப்படுகிறார்கள். உண்மை நேர்மாறாக இருக்கிறது.

லண்டனில் 1967-ல் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் சுமார் 18,000 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில், கடைநிலை ஊழியர்கள் இருதய நோயால் இறக்கும் விகிதம் உச்சநிலை அதிகாரிகளைப்போல் சுமார் 3 மடங்கு இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. எல்லோரும் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்கள். 1985-ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியில் ஒரு காரணம் தெளிவாயிற்று. தம் வேலையில் தமக்கு எந்த அதிகாரமும் இல்லாதவர்களுக்கே இருதய நோய் அதிகம் வந்தது.

எலிகளிடமும் இதே கதைதான். ஒரே அளவு மின் அதிர்ச்சி இரண்டு எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஓர் எலி சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்தலாம்; மற்றதால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றும் செய்ய முடியாத எலிக்கே வயிற்றுப் புண் அதிகம் வந்தது என்று ஜே வைஸ் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். அதிர்ச்சி எப்போது வரும் என்று முன்கூட்டி மணியடித்துத் தெரிவித்தால்கூடப் புண் குறைந்தது. ஆகவே உடம்பை அரிப்பது கஷ்டம் மட்டும் அல்ல. "என் கையில் எதுவும் இல்லை, அடுத்து என்ன வருமோ" என்ற நிலைதான்.

இதற்கு ஒரு மாற்றும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே கிடைத்தது. குட்டிகளை அடிக்கடி நக்கிக் கொடுத்து வளர்க்கும் தாய் எலிகளும், அவ்வளவாகக் கவனிக்காத தாய் எலிகளும் உண்டு. நன்றாக நக்கி வளர்க்கப்பட்ட குட்டிகள் பெரியவையான பிறகும், ஆபத்தில் குறைந்த அளவே ஏ.ஸி.டி.எச். சுரந்தன, விரைவில் அமைதியடைந்தன. மான்ட்ரியலில் மைக்கேல் மீனி குழுவினர் 1997-ல் இதை வெளியிட்டார்கள். எலிக்குச் சொன்னதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுக்கும் தாயின் கை, வெறும் பாசத்தோடு நிற்காமல் பிள்ளையின் உடம்பிலும் வேலை செய்கிறது என்று எண்ணுவதற்கு இது இடம் தருகிறது.

ஓர் எச்சரிக்கை

இங்கே வாசகர்கள் அவசியம் மனத்தில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

1948-ல் அமெரிக்க டாக்டர் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிஸான் என்ற அட்ரீனல் ஹார்மோனைக் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடமாடினார். உலகமே பிரமித்தது, 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இன்று 'ஸ்டீராய்டு' என்று வழங்கும் பிரட்னிஸலோன், டெக்ஸாமெத்தஸோன் போன்ற மருந்துகள். உயிர் காக்கும் மருந்துகள் இவை என்பதில் ஐயமில்லை. 2020-ல் கொரோனாவால் செயற்கைச் சுவாசம் பெற்ற நோயாளிகளில் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது இந்த டெக்ஸாமெத்தஸோன்தான்.

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. 2021-ல் நம் நாட்டில் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதற்குச் சர்க்கரை வியாதியுடன் ஸ்டீராய்டு மருந்தை முறையின்றி உபயோகித்ததும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் கூறினார்கள். உடம்பு வலி, மூட்டு வலி, இளைப்பு என்று போனால், சீட்டு எதுவும் இல்லாமல் கொடுக்கப்படும் "வலி மாத்திரை"யில் இது கலந்திருப்பதும் உண்டு. வலி மாயமாகப் பறந்துவிடும். மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவார்கள். அப்போது உள்ளே என்ன நடக்கிறது? ரத்தத்தில் வேண்டிய அளவு இருக்கிறது என்று எண்ணி மூளை ஸி.ஆர்.எச். கட்டளையை நிறுத்திவிடுகிறது. வேலை இல்லாத அட்ரீனல் சுருங்கிவிடுகிறது. ஒரு நாள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால், கட்டளை இடுபவரும் இல்லை, நிறைவேற்றுபவரும் இல்லை. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே ஸ்டீராய்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது. டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. படித்தவர்கள் இதைப் படிக்காதவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. எல்லா நோய்க்கும் கவலைதான் காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நீண்ட நாள் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்கு முக்கியக் காரணம் ஒரு கிருமி என்று நிரூபித்து 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். தகுந்த மருந்தால் அது குணமாகிறது. ஆகவே நோய் வந்தால், "எல்லாம் மனக்கவலைதான்" என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். "கார்ட்டிஸாலைக் கரைக்கும்" என்று விளம்பரப்படுத்தும் பொடிகளுக்கும் பானங்களுக்கும் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். ஸி.ஆர்.எச். பொருளைத் தடுக்கும் மருந்தைக் கொண்டு மனச்சோர்வைப் போக்க எவ்வளவோ முயன்றார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த வகை மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் பிறவியிலேயே வரும் ஓர் அட்ரீனல் நோய்க்காகத்தான், கவலைக்காக அல்ல. கவலைக்கு மாத்திரைக் கடையில் மந்திரம் கிடையாது.

செய்ய வேண்டியது என்ன?

தனி மனிதன் செய்யக்கூடியவை சில உண்டு. அவை புதியவை அல்ல. கார்ட்டிஸால் இயற்கையாகவே விடியற்காலையில் உயர்ந்து, நள்ளிரவில் தாழ்வது. இரவில் தூங்கிக் காலையில் எழுபவன் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகிறான். நாள்தோறும் நடப்பதும், மனம் விட்டுப் பேச ஒரு நண்பரை வைத்துக்கொள்வதும், மூச்சை நிதானமாக விட்டுப் பழகுவதும் நல்லவை. காசு செலவில்லாதவை.

ஆனால், "கவலைப்படாதே" என்று புத்தி சொல்வதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது. விஞ்ஞானம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, கவலைப்படுபவனைக் கோழை என்று ஏசுவது அறியாமை. காய்ச்சல்காரனைப் பார்த்து, "உடம்பைக் குளிரவைத்துக்கொள்" என்று அதட்டுவோமா? அவன் உடம்பில் கட்டளை பிறந்துவிட்டது. அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கும் புலியை விரட்டுவதுதான் உண்மையான உதவி.

அந்தப் புலிகளில் பல நாமே வளர்த்தவை. ஒரே ஒரு பரீட்சையில் பிள்ளையின் வாழ்வு முழுவதும் அடங்கியிருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்துகிறோம். நாளைய வேலை நேரம் என்ன என்று இன்று இரவுவரை தெரியாமல் தொழிலாளியை வைத்திருக்கிறோம். வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் நின்று ஊர் கேட்கக் கூவுவதை வேடிக்கை பார்க்கிறோம். முன்கூட்டி மணியடித்தால் எலிக்குக்கூடப் புண் குறைகிறது. நம் சக மனிதனுக்கு அந்த ஒரு மணியை அடிக்கக் கூடாதா? வேலை நேரத்தை முன்னதாகச் சொல்வது, ஊழியனின் யோசனையைக் காது கொடுத்துக் கேட்பது, தவறிய மாணவனுக்கு மறு வாய்ப்பு உண்டு என்று பரீட்சைக்கு முன்பே தைரியம் சொல்வது: இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் முதலாளிகளும் சர்க்காரும் நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

பாம்பைக் கண்டு துள்ளும் உடம்பு நமக்கு இயற்கை தந்த பாதுகாப்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. கயிறுகளைப் பாம்பாக்கி ஒருவர் பாதையில் ஒருவர் போட்டுக்கொண்டிருக்கிறோமே, அதை முதலில் நிறுத்துவோம்.